மூடிய கை திறக்க மறுக்கும் நோய்: மயோட்டோனியா பற்றி நமது குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

ஸலாம் சொல்லிக் கைலாகு கொடுத்த ஒருவர், உங்கள் கையை விடாமல் சில விநாடிகள் இறுகப் பிடித்துக்கொண்டே நிற்கிறார். பாசம் கூடிவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். அவரோ கையை விடத்தான் முயன்று கொண்டிருக்கிறார். விரல்கள் அவர் சொல்லைக் கேட்கவில்லை. இன்னொருவர் தும்மும்போது இறுக மூடிய கண்ணிமைகளை உடனே திறக்க முடியாமல் தடுமாறுகிறார். பஸ்ஸில் நெடுநேரம் அமர்ந்திருந்த வாலிபன் தனது தரிப்பிடம் வந்ததும் எழ முயல்கிறான். கால்கள் மரக்கட்டையாகி நிற்கின்றன. கண்டக்டர் ஏசுகிறார், பஸ் அடுத்த தரிப்பிடத்திற்கே போய்விடுகிறது.

சுருங்கிய தசை மீண்டும் தளர்வதற்குத் தாமதமாகும் இந்த நிலையை மருத்துவர்கள் மயோட்டோனியா என்கிறார்கள். இது தனியொரு நோயின் பெயரல்ல. பல பரம்பரை நோய்களில் காணப்படும் பொதுவான அறிகுறி. அவற்றில் சில ஆயுள் முழுவதும் தொல்லை தந்தாலும் ஆயுளைக் குறைப்பதில்லை. ஆனால் ஒரு வகை, கையின் இறுக்கத்தை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு உள்ளே இதயத்தின் மின்னோட்டத்தையும் சுவாசத் தசைகளையும் மெல்ல மெல்லப் பாதிக்கிறது. எந்த வகை தமக்கு இருக்கிறது என்று தெரியாமலேயே வாழ்நாளைக் கழிப்பவர்கள் உண்டு. சத்திரசிகிச்சை மேசையிலோ பிரசவ அறையிலோதான் அது சிலருக்குத் தெரியவருகிறது.

நமது ஊர்களில் இதற்கு வேறு பெயர்கள் இருக்கின்றன. சிறுவனாக இருந்தால் சோம்பேறி, வேலைக்குக் கள்ளம் போடுபவன். பெரியவராக இருந்தால் வாதம், நரம்புத் தளர்ச்சி. காரணம் பிடிபடாவிட்டால் ஜின், செய்வினை, கண்ணூறு. ஓதிப் பார்ப்பதையும் துஆச் செய்வதையும் யாரும் குறை சொல்லப் போவதில்லை. தாயத்துக் கட்டிய கையோடு பத்து வருடங்களை ஓட்டிவிட்டு, இதயம் நின்றுபோன பிறகு வைத்தியசாலைக்கு ஓடுவதுதான் கவலைக்குரியது.

நடிக்கிறான் என்ற பழி

இந்த நோயை முதன்முதலாக விரிவாக எழுதியவர் அதே நோயைத் தன் உடலில் சுமந்த ஒரு மருத்துவர். பெயர் யூலியஸ் தொம்சன். 1815 இல் பிறந்தவர்; இன்றைய ஜேர்மனியின் வட எல்லையில் உள்ள ஷ்லெஸ்விக் பகுதியில் கப்பெல்ன் என்ற சிறு நகரில் பணியாற்றினார். அவரது குடும்பத்தில் பல தலைமுறைகளாகப் பலருக்கு இந்த விறைப்பு இருந்து வந்தது. அதை வெளியே சொல்லக் குடும்பத்தினர் விரும்பவில்லை. அவரும் நீண்ட காலம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

அவரது மகனை இராணுவ சேவைக்கு அழைத்தபோது நிலைமை மாறியது. பார்வைக்கு நல்ல திடகாத்திரமான இளைஞன். ஆனால் கட்டளையிட்டவுடன் கால் அசையவில்லை. சேவையிலிருந்து தப்புவதற்காக நடிக்கிறான் என்று பழி சுமத்தினார்கள். அந்தப் பழியைத் துடைப்பதற்காகவே தொம்சன் 1876 இல் தனது குடும்ப இரகசியத்தை மருத்துவச் சஞ்சிகையொன்றில் பகிரங்கப்படுத்தினார். இன்றும் அந்த வகைக்கு தொம்சன் நோய் என்றே பெயர். இதற்குக் காரணம் மனதின் பரம்பரைத் தன்மை என்றே அவர் நம்பினார் என்பது வேறு விடயம். அந்தக் காலத்தில் தசைக் கலத்தின் உள்ளே எட்டிப் பார்க்க யாருக்கும் வழி இருக்கவில்லை.

அந்த இராணுவ அதிகாரிகள் ஏன் அப்படி நினைத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தால் நமது பாடசாலைகளில் நடப்பதும் விளங்கும். மயோட்டோனியா உள்ள சிறுவர்களின் தசைகள் பெரும்பாலும் மெலிந்து காணப்படுவதில்லை. இடைவிடாமல் சுருங்கிச் சுருங்கி அவை பருத்துவிடுகின்றன. தொடையும் கெண்டைக்காலும் உடற்பயிற்சி செய்பவனுடையதைப் போல் இருக்கும். அப்படிப்பட்ட உடம்போடு ஓட்டப் போட்டியில் விசில் ஊதியவுடன் அசையாமல் நிற்பவனைப் பார்த்தால் ஆசிரியருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

இதைவிடக் குழப்பமான இன்னொரு தன்மையும் உண்டு. அசைய அசைய இந்த விறைப்பு இளகிவிடும். முதல் தடவை கையைப் பொத்தித் திறக்கப் பத்து விநாடி எடுத்தவர், ஆறாவது ஏழாவது தடவையில் சாதாரணமாகத் திறப்பார். படியில் முதல் நான்கைந்து படிகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுபவர், பிறகு ஓடியே ஏறிவிடுவார். தராவீஹ் தொழுகையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு ரக்அத்துகளில் ஸுஜூதிலிருந்து எழ முடியாமல் பக்கத்தில் நிற்பவரின் தோளைப் பிடித்தவர், பத்தாவது ரக்அத்தில் மற்றவர்களோடு சரிசமமாக எழுந்து நிற்கிறார். இடையில் பயான் கேட்க அமர்ந்துவிட்டால் மீண்டும் பழைய கதை. பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? முதலில் நடித்தார் என்றுதான். உண்மையில் இந்த இளகும் தன்மைதான் வைத்தியருக்கு நோயைக் காட்டிக் கொடுக்கும் மிக முக்கியமான தடயம். நடிப்பவர் களைப்பு ஏறஏற மோசமாவதாகவே நடிப்பார். முதலில் முடியாது, பிறகு முடியும் என்று யாரும் நடிப்பதில்லை.

தசைக்குள் என்ன நடக்கிறது

ஒரு தசை சுருங்க வேண்டுமானால் நரம்பு வழியாகச் செய்தி வரவேண்டும். செய்தி வந்தவுடன் தசைக் கலத்தின் மென்சவ்வில் உள்ள சோடியம் கால்வாய்கள் திறக்கின்றன. சோடியம் அயன்கள் உள்ளே பாய, ஒரு மின்னலை தசை நார் முழுவதும் ஓடுகிறது. அதனால் உள்ளே சேமித்து வைக்கப்பட்டிருந்த கல்சியம் வெளிவந்து தசை சுருங்குகிறது. மின்னலை நின்றதும் கல்சியம் திரும்ப உள்ளே இழுக்கப்பட, தசை தளர்கிறது.

ஒவ்வொரு மின்னலையின் போதும் தசை நாரின் நுண்ணிய குழாய்களில் சிறிதளவு பொட்டாசியம் தேங்குகிறது. இந்தத் தேக்கம் தசையை மறுபடி தூண்டிவிடக் கூடியது. அப்படித் தூண்டிவிடாமல் மென்சவ்வை அமைதிப்படுத்தி வைத்திருப்பவை குளோரைட்டுக் கால்வாய்கள். ஓய்வில் இருக்கும் தசையின் மின்கடத்தலில் பெரும்பங்கு, ஏறத்தாழ 70 முதல் 80 வீதம், இந்தக் குளோரைட்டுக்கு உரியது. அந்தக் கால்வாய் பழுதாகிவிட்டால் பிரேக் இல்லாத வாகனத்தின் கதைதான். நரம்பு கட்டளையிடுவதை நிறுத்திவிட்ட பிறகும் தசை தானாகவே மின்னலைகளைத் தொடர்ந்து எழுப்பிக் கொண்டிருக்கும். மூளை 'விடு' என்கிறது, நரம்பு மௌனமாகிவிட்டது, தசை மட்டும் பிடித்தபடியே இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க உதவியவை அமெரிக்காவின் டெனசி மாநிலத்து ஆடுகள். 1880களில் டின்ஸ்லி என்ற ஒருவர் அங்கு கொண்டுவந்த சில ஆடுகள், திடுக்கிட்டால் நான்கு கால்களும் விறைத்து அப்படியே சரிந்து விழுந்தன. மயங்கும் ஆடுகள் என்று ஊரார் பெயர் வைத்தார்கள். அவை மயங்குவதில்லை, கண் திறந்தபடி, சுயநினைவோடு, விறைத்துக் கிடந்துவிட்டுப் பிறகு எழுந்து நடக்கின்றன. 1960களிலும் 70களிலும் பிரையன்ட் என்ற ஆய்வாளர் இந்த ஆடுகளின் தசைகளைச் சோதித்து, குளோரைட்டுக் கடத்தல் குறைந்திருப்பதே விறைப்புக்குக் காரணம் என்று காட்டினார். மனிதரில் 7ஆவது நிறமூர்த்தத்தில் உள்ள அதற்குரிய மரபணு 1992 இல் இனங்காணப்பட்டது.

ஆடுகளுக்கு நடப்பது மனிதருக்கும் நடக்கும். வீதியைக் கடக்கும்போது பின்னால் திடீரென்று ஹோர்ன் அடித்தால், இந்த நோயுள்ளவர் விலகி ஓட நினைத்த அதே கணத்தில் உடல் முழுவதும் விறைத்து, கையை ஊன்றக்கூட முடியாமல் மரம் சாய்வது போல் விழலாம். வலிப்பு என்று எண்ணி வலிப்பு மருந்து கொடுக்கப்பட்டவர்களும் உண்டு. விழும்போது நினைவு தப்பவில்லை என்பதை வைத்தியரிடம் தெளிவாகச் சொல்வது இந்தத் தவறைத் தடுக்கும்.

மச்சான் மச்சினி திருமணமும் மரபணுக் கணக்கும்

குளோரைட்டுக் கால்வாய் பழுதாவதால் வரும் பிறவி மயோட்டோனியா இரண்டு வகைப்படும். தொம்சன் வகையில் தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து ஒரு பழுதான பிரதி வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கு 50 வீத வாய்ப்பு. மற்றது, ஜேர்மனிய மருத்துவர் பெக்கரின் பெயரால் அறியப்படும் வகை. இது வருவதற்கு உம்மாவிடமிருந்து ஒன்றும் வாப்பாவிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளும் பழுதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு பழுதான பிரதியைச் சுமப்பவருக்கு எந்த நோயும் தெரியாது. அவர் ஓடுவார், ஆடுவார், வயல் செய்வார், பேரப்பிள்ளைகளைக் காண்பார். அதே பழுதைச் சுமக்கும் இன்னொருவரை அவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 வீத வாய்ப்பு.

பெக்கர் வகை பெரும்பாலும் 4 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில் கால்களில் தொடங்கி மேலே பரவும். தொம்சன் வகையைவிடக் கடுமையானது. விறைப்போடு கூட, அசையத் தொடங்கும்போது சில விநாடிகள் அல்லது சில நிமிடங்கள் பலமும் போய்விடும். தேநீர்க் கோப்பையைத் தூக்கியவுடன் கை தளர்ந்து கீழே போட்டுவிடுவது இதனால்தான். உலகளவில் பிறவி மயோட்டோனியா ஒரு இலட்சத்தில் ஒருவருக்கு என்ற அளவில் அரிதானது. ஸ்கண்டிநேவியாவின் வட பகுதிகளில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒருவருக்கு இருக்கிறது.

இங்கே நமது சமூகத்தோடு தொடர்புள்ள ஒரு விடயம் வருகிறது. மாமி மகன், மாமா மகள், சாச்சா மகள் என்று சொந்தத்துக்குள் முடிப்பது நம்மில் பல குடும்பங்களில் வழக்கம். மார்க்கம் அதை அனுமதித்திருக்கிறது. அதை ஹராமாக்கிப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் கணக்கு கணக்குத்தான். ஒருவர் ஒரு பழுதான பிரதியைச் சுமந்தால், அவரது நேரடி மச்சானோ மச்சினியோ அதே பிரதியைச் சுமப்பதற்கு எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அந்நியர் ஒருவரிடம் அந்த வாய்ப்பு இதைவிட மிக மிகக் குறைவு. ஒரு வீட்டில் பெக்கர் வகை நோயுள்ள பிள்ளை ஒன்று இருக்கும்போது, அந்தப் பிள்ளையின் சகோதரங்களுக்கு அதே குடும்பத்துக்குள் சம்பந்தம் பேசுவதற்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது அறிவுடைமை. தலசீமியாவுக்காகத் திருமணத்துக்கு முன் இரத்தம் பரிசோதிப்பதைப் பற்றி நாம் இப்போது பேசப் பழகிவிட்டோம். இதுவும் அந்த வரிசையில் சேர வேண்டியதே.

சொந்தத் திருமணம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எடுத்துக்கொள்வதும் பிழை. இந்தக் கட்டுரையில் பின்னால் வரப்போகும் மிகப் பாரதூரமான வகைக்கும் சொந்தத் திருமணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது தாய் அல்லது தந்தை ஒருவரிடமிருந்தே வந்துவிடும். மருமகளைக் குறை சொல்லிப் பழகிய மாமியார்மார், நோய் தம் மகன் வழியாகவும் வந்திருக்கலாம் என்பதை மனதில் கொள்ள வேண்டும்.

குளிர்ந்த நீரும் ஸுபஹ் வுளூவும்

சோடியம் கால்வாய் பழுதானால் வருவது வேறொரு குழு. அதில் ஒன்றை ஒய்லன்பேர்க் என்ற ஜேர்மனிய மருத்துவர் 1886 இல் விவரித்தார். பரமயோட்டோனியா என்று பெயர். இதில் குளிர்தான் எதிரி. முகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் இமைகள் திறக்க மறுக்கும், உதடுகள் விறைத்துப் பேச்சுக் குழறும். கையைக் குளிர்ந்த நீரில் வைத்தால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். சிலருக்கு அதன் பின் மணிக்கணக்கில் பலவீனம் தொடரும். மற்ற வகைகளுக்கு மாறாக இங்கே அசைய அசைய விறைப்பு கூடுமே தவிர இளகாது. அதனால்தான் 'பர' என்ற முன்னொட்டு.

நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஸுபஹுக்கு வுளூச் செய்யும் நீர் எப்படி இருக்கும் என்பதை அங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஹவ்ளில் முகம் கழுவிய பிறகு கண் திறக்கவில்லை என்று ஒரு சிறுவன் சொன்னால் சிரிக்காதீர்கள். இளஞ்சூடான நீரில் வுளூச் செய்தால் அவனுக்குப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும். மார்க்கத்தில் அதற்கு எந்தத் தடையும் இல்லை. ஐஸ்கிரீம் சாப்பிட்டால் நாக்கு விறைப்பது, குளிரூட்டிய பஸ்ஸில் கை விறைப்பது ஆகியவையும் இதே கதைதான்.

சோடியம் குழுவில் பொட்டாசியம் கூடினால் மோசமாகும் வகைகளும் உள்ளன. அவற்றில் ஒன்றில் விறைப்பு கூடும். இன்னொன்றில் கைகால்கள் தற்காலிகமாக முழுமையாகவே செயலிழந்து போகும். அந்தச் செயலிழப்பைத் தூண்டுபவை எவை என்று பார்த்தால் நீண்ட நேரம் சாப்பிடாமல் இருப்பது, கடும் உழைப்புக்குப் பின்னான ஓய்வு, குளிர், பொட்டாசியம் நிறைந்த உணவு ஆகியவை. நோன்பையும் இப்தாரையும் ஒன்றாகச் சேர்த்துப் பாருங்கள். பகல் முழுவதும் வெறும் வயிறு. மாலையில் பேரீச்சம்பழம், வாழைப்பழம், இளநீர். 100 கிராம் பேரீச்சம்பழத்தில் 600 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. ஸுன்னத்துக்காக ஒன்றிரண்டு பழம் உண்பதால் ஆபத்து வந்துவிடாது. ஆனால் இந்தக் குறிப்பிட்ட வகை நோய் உறுதி செய்யப்பட்டவர், நோன்பு பற்றித் தனது வைத்தியரிடம் கேட்டுவிட்டு, அந்தப் பதிலோடு ஆலிம் ஒருவரிடம் போவது நல்லது. குளோரைட்டு வகை நோயுள்ளவர்கள் இதைப் படித்துவிட்டுப் பேரீச்சம்பழத்தைத் தவிர்க்கத் தேவையில்லை.

தொழுகையைப் பொறுத்தவரை நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்கணித்துப் படுத்தும் தொழலாம் என்ற சலுகை இம்ரான் பின் ஹுஸைன் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் இருக்கிறது. இமாமோடு சேர்ந்து எழ முடியாமல் பிந்துகிறவரை முறைத்துப் பார்க்கும் நமது பழக்கத்துக்குத்தான் ஆதாரம் எதுவும் இல்லை.

கண்புரை, வழுக்கை, தூக்கம், இதயம்

இனி மிகவும் பாரதூரமான வகை. மயோட்டோனிக் டிஸ்ட்ரோபி என்பது அதன் பெயர். தசை இறுகுவதோடு நாளடைவில் தேய்ந்தும் போகும் நோய். 1909 இல் ஸ்டைனர்ட் என்ற ஜேர்மனியர் விவரித்தார், அதே ஆண்டில் இங்கிலாந்தில் பட்டன், கிப் ஆகிய இருவரும் விவரித்தனர். வளர்ந்தவர்களுக்கு வரும் பரம்பரைத் தசைத் தேய்வுகளில் இதுவே மிகப் பொதுவானது. ஏறத்தாழ 8,000 பேரில் ஒருவருக்கு என்று நூல்கள் சொல்கின்றன. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சகனே பகுதியில், சிறு தொகையினரான ஆரம்பக் குடியேறிகளின் வழித்தோன்றல்கள் பெருகியதால், ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது.

இந்த நோய் தசையோடு நிற்பதில்லை. 50 வயதுக்கு முன்பே கண்புரை வரும். விளக்குப் பிடித்துப் பார்க்கும் கண் வைத்தியருக்கு அந்தப் புரையில் பல நிறப் பொட்டுகள் மின்னித் தெரியும். ஆண்களுக்கு முன்நெற்றியில் இளமையிலேயே வழுக்கை விழும். கன்னமும் நெற்றிப் பொட்டும் ஒடுங்கி முகம் நீண்டு, இமைகள் தொங்கிப்போகும். இன்சுலின் சரியாக வேலை செய்யாது. மலச்சிக்கலும் வயிற்று வலியும் வரும். விழுங்குவது சிரமமாகும். பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும். ஜும்ஆ பிரசங்கம் தொடங்கியவுடன் உறங்கிவிடுபவர் எல்லோருக்கும் இந்த நோய் இருக்கிறது என்று சொல்ல வரவில்லை! கண்புரை, தொங்கும் இமை, பிடித்தால் விடாத கை ஆகியவற்றோடு அந்தத் தூக்கமும் சேர்ந்திருந்தால் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு அறிகுறிகளுக்காக ஒருவர் கண் வைத்தியரிடமும், நீரிழிவு கிளினிக்குக்கும், வயிற்று வைத்தியரிடமும் தனித்தனியாக அலைவார். ஒவ்வொருவரும் தமக்குரிய பகுதியைப் பார்த்து அனுப்புவார்கள். எல்லாம் ஒரே நோய் என்று யாருக்கும் தோன்றாமலே காலம் போகும். உயிரை எடுப்பது பெரும்பாலும் இதயமும் சுவாசமும்தான். இதயத்தின் மின் பாதைகள் சிதைந்து, துடிப்புக்கான செய்தி மேலறையிலிருந்து கீழறைக்குப் போவதில் தாமதம் ஏற்படும். ஒருநாள் அந்தச் செய்தி போகாமலே நின்றுவிடலாம். நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் எதுவும் இல்லாமல் 40, 45 வயதில் திடீரென்று சரிந்து விழுந்து இறந்தவர்கள் உள்ள குடும்பங்களில், கண்புரையும் கைப்பிடிப்பும் கூட இருந்தனவா என்று கேட்டுப் பார்ப்பது பயனுள்ளது. நோய் உறுதியானவருக்கு வருடத்துக்கு ஒரு தடவையாவது ஈசீஜி எடுத்துப் பார்ப்பதும், வேண்டிய நேரத்தில் பேஸ்மேக்கர் பொருத்துவதும் உயிரைக் காக்கும். ஈசீஜி நமது அரச வைத்தியசாலைகளில் சாதாரணமாக எடுக்கப்படும் ஒரு பரிசோதனை. தேவைப்படுவது அதைக் கேட்க வேண்டும் என்ற அறிவு மட்டும்தான்.

காரணம் 1992 இல் தெரியவந்தது. 19ஆவது நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு மரபணுவின் முடிவில் மூன்றெழுத்துச் சொல்லொன்று திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது. நம் எல்லோரிடமும் அது 5 முதல் ஏறத்தாழ 37 தடவை வரை இருக்கும். 50ஐத் தாண்டினால் நோய். ஆயிரங்களைத் தொட்டால் மிகக் கடுமையான நோய். அந்த நீண்ட திரும்பல், கலத்துக்குள் முக்கியமான புரதமொன்றைச் சிக்க வைத்துக்கொள்வதால் வேறு பல மரபணுக்களின் செய்திகளும் குழம்புகின்றன. குளோரைட்டுக் கால்வாயின் செய்தியும் அதில் ஒன்று. கை இறுகுவது அதனால்தான். 2001 இல் இதன் சற்று இலேசான இரண்டாவது வகைக்கும் இதேபோன்ற காரணம் கண்டுபிடிக்கப்பட்டது; அது 3ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது.

இந்தத் திரும்பல்கள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகும்போது நீளக்கூடியவை. பாட்டனாருக்குக் கண்புரை மட்டும். மகளுக்குக் கை இறுக்கமும் களைப்பும். பேத்தி பிறக்கும்போதே துவண்டுபோய், பால் இழுக்கப் பலமில்லாமல், மூச்சுவிடச் சிரமப்பட்டுப் பிறக்கிறாள். தலைமுறைக்குத் தலைமுறை நோய் முன்கூட்டியே வருவதையும் கடுமையாவதையும் கண் மருத்துவரான பிளைஷர் 1918 இலேயே கண்புரைக் குடும்பங்களைப் பின்தொடர்ந்தபோது கவனித்தார். பிறவியிலேயே வரும் இந்தக் கடும் வகை அநேகமாக எப்போதும் தாய் வழியாகவே வருகிறது. துவண்ட குழந்தை பிறந்த பிறகுதான் தாய்க்கே நோய் இருப்பது தெரியவரும் சந்தர்ப்பங்கள் பல. அனுபவமுள்ள குழந்தை வைத்திய நிபுணர், குழந்தையைப் பார்த்த கையோடு தாயிடம் கையை இறுகப் பொத்தித் திறக்கச் சொல்வார். தாயின் முகம் காண முடியாதபடி மூடியிருந்தால் ஒரு பெண் வைத்தியரோ தாதியோ இமைகளையும் முகத் தசைகளையும் பார்க்கலாம். அந்தப் பரிசோதனைக்கு மறுப்புச் சொல்லாதீர்கள்.

பெண் கேட்டு வரும் வீட்டில் நோயை மறைப்பது நமது சமூகத்தில் புதிதல்ல. மறைப்பவர்களின் பயமும் விளங்காமல் இல்லை. ஒரு பிள்ளையின் நோய் தெரிந்தால் மற்றப் பிள்ளைகளின் சம்பந்தமும் கெட்டுவிடும். ஆனால் மயோட்டோனிக் டிஸ்ட்ரோபி உள்ள ஒரு பெண்ணின் பிரசவத்தில் நோவு நீண்டுபோகலாம், பிள்ளை பிறந்த பின் கருப்பை சுருங்காமல் இரத்தப்போக்குக் கூடலாம். கணவனுக்கும் மகப்பேற்று வைத்தியருக்கும் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நிக்காஹுக்கு முன் மறைத்தது பிரசவ அறையில் வெளிவருவதைவிட, சம்பந்தம் பேசும்போதே இரு வீட்டாரும் வைத்தியர் ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது எவ்வளவோ மேல்.

எப்படிக் கண்டுபிடிப்பது

வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் சோதனை எளிது. ஐந்து விநாடி கையை இறுகப் பொத்தி, பின் வேகமாக விரிக்கச் சொல்லுங்கள். விரல்கள் ஒவ்வொன்றாக மெல்ல மெல்ல விரிந்தால், அல்லது மணிக்கட்டை மடக்கித்தான் விரிக்க முடிகிறது என்றால் கவனியுங்கள். பத்துத் தடவை திரும்பச் செய்யச் சொல்லி, இளகுகிறதா இறுகுகிறதா என்றும் பாருங்கள். கண்களை இறுக மூடித் திறப்பதும் அப்படியே. இதைக் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்துக்கொண்டு போவது நல்லது. கிளினிக்கில் உங்கள் முறை வருவதற்குள் பிள்ளை நடந்து நடந்து இளகிப் போயிருப்பான்.

வைத்தியர் பெருவிரலின் அடிச்சதையில் சிறு சுத்தியலால் தட்டுவார். பெருவிரல் உள்ளே இழுபட்டு, மெதுவாகத் திரும்பும். அடுத்தது ஈஎம்ஜீ. தசையில் நுண்ணிய ஊசி வைத்து மின்னலைகளை ஒலியாகக் கேட்பார்கள். மயோட்டோனியா இருந்தால் மோட்டார் சைக்கிளின் எக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி விடுவது போன்ற ஓசை எழும்; ஒரு தடவை கேட்டவர் மறக்கமாட்டார். உறுதி செய்வது மரபணுப் பரிசோதனை. கொழும்பு பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவு இருக்கிறது. எந்தப் பரிசோதனையை எங்கே செய்வது என்பதை நரம்பியல் வைத்திய நிபுணர் வழிகாட்டுவார். பிரதேச வைத்தியசாலையிலிருந்து கடிதம் பெற்றுக்கொண்டு போதனா வைத்தியசாலையின் நரம்பியல் கிளினிக்குக்குப் போவதே சரியான பாதை.

தைரொய்ட் குறைபாட்டிலும் தசைகள் மெதுவாகத் தளர்வதுண்டு. அது இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தில் குணமாகும். காலையில் ஒரு விரல் மட்டும் மடங்கிச் சிக்கி, 'டக்' என்று திறந்தால் அது விரல் நாணின் பிரச்சினை. இரவில் கெண்டைக்கால் பிடித்து வலிப்பதும் மயோட்டோனியா அல்ல. மயோட்டோனியாவில் விறைப்பு இருக்கும், பெரும்பாலும் கடும் வலி இருக்காது.

மருந்து உண்டா என்றால், விறைப்பைக் குறைக்க உண்டு. மெக்ஸிலெட்டின் என்ற பழைய இதய மருந்து சோடியம் கால்வாய்களை அடக்குவதன் மூலம் தசையின் தன்னிச்சையான மின்னலைகளைக் குறைக்கிறது. தசைத் தேய்வு இல்லாத மயோட்டோனியா உள்ள 59 பேரில் செய்யப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வு அதன் பலனைத் தெளிவாகக் காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 இல் அதை இந்த நோய்க்கென்றே அங்கீகரித்தது. வலிப்பு நோய்க்குத் தரப்படும் லமோட்ரிஜின், கார்பமசெபின் போன்றவையும் பயன்படுகின்றன. ஆனால் இதயப் பாதை பழுதான டிஸ்ட்ரோபி நோயாளிக்கு மெக்ஸிலெட்டின் ஆபத்தாகலாம். ஆகவே இதயத்தைப் பரிசோதிக்காமல், இன்னொருவருக்கு எழுதிய மருந்தைப் பார்மஸியில் வாங்கிப் போடும் வேலை இதில் வேண்டவே வேண்டாம். இலேசான தொம்சன் நோயுள்ள பலர் மருந்தே இல்லாமல், எழுவதற்கு முன் கால்களை அசைத்துவிட்டு, குளிரைத் தவிர்த்து, நிம்மதியாக வாழ்கிறார்கள். கொலஸ்திரோலுக்குத் தரப்படும் ஸ்டட்டின் மருந்துகள் சிலருக்கு விறைப்பைக் கூட்டும் என்பதையும் சொல்லி வைக்க வேண்டும்.

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்

டொன்சில், அப்பென்டிக்ஸ், சிசேரியன், உடைந்த எலும்பு என்று எந்தச் சத்திரசிகிச்சையானாலும், மயோட்டோனியா இருப்பது தெரிந்தவர் மயக்க மருந்து நிபுணரிடம் அதைத் தாமாகவே சொல்லிவிட வேண்டும். குழாய் செலுத்துவதற்காகத் தசைகளை வேகமாகத் தளர்த்தக் கொடுக்கப்படும் சக்சமெத்தோனியம் என்ற மருந்து, இவர்களில் நேரெதிராக வேலை செய்யும். தாடையும் நெஞ்சும் இறுகி, வாயைத் திறக்கவோ செயற்கையாகச் சுவாசம் கொடுக்கவோ முடியாத நிலை ஏற்படலாம். டிஸ்ட்ரோபி உள்ளவர்களில் தூக்க மருந்துகளும் மோர்பின் வகை வலி மருந்துகளும் சாதாரண அளவிலேயே மூச்சை நிறுத்திவிடக்கூடும். அந்த ஆபத்து சத்திரசிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த பிறகும் தொடரும். கை விறைப்பு மட்டுமே உள்ள, தான் நோயாளி என்றே நினைக்காத ஒருவருக்கும் இது நடக்கலாம். சத்திரசிகிச்சைக் கூடத்தின் குளிரும், மயக்கம் தெளியும்போது வரும் நடுக்கமும்கூட விறைப்பைத் தூண்டும் என்பதால் உடலைச் சூடாக வைத்திருப்பார்கள். முன்கூட்டியே தெரிந்தால் இவை அனைத்துக்கும் மாற்று வழிகள் உண்டு.

ஆகவே சிறிய அட்டை ஒன்றில் நோயின் முழுப் பெயரையும், சக்சமெத்தோனியம் கொடுக்கக் கூடாது என்பதையும், தூக்க மருந்துகளில் எச்சரிக்கை தேவை என்பதையும், இதய நிலையையும், பார்க்கும் வைத்தியரின் கிளினிக் விபரத்தையும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதி வைத்தியரிடம் சரிபார்த்துக்கொண்டு, தேசிய அடையாள அட்டையின் உறைக்குள் வைத்திருங்கள். விபத்தில் நினைவிழந்து கொண்டுவரப்படும்போது பேசப்போவது அந்த அட்டை மட்டும்தான். குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உறுதியாகியிருந்தால், பரிசோதனை செய்துகொள்ளாத சகோதர சகோதரிகளும் பிள்ளைகளும் தமது கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அந்த விபரத்தை எழுதி வைக்கட்டும்.